1964 பீட்டிலில் 1600 எஞ்சின்: எந்தக் கிளட்ச் சாமான் எதோடு சேரும்?

உப்புவெளி64

வணக்கம் அண்ணைமார். வண்டி 1964 வொக்ஸ்வாகன் பீட்டில், வரும்போது 1200 சி.சி. எஞ்சின், ஆறு வோல்ட். கியர் பொக்ஸ் அதே பழையது. எஞ்சின் இப்ப 1600, இரட்டைத் துவார ஹெட், ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே உள்ள இலக்கம் ஏ.டி. என்று தொடங்குது. வயரிங் முழுக்க 12 வோல்ட்டுக்கு மாத்தியாச்சு.

கோளாறுகள்:
பெட்டலை மிதித்தவுடன் கிறீச் என்று ஒரு சத்தம், விட்டால் நிற்கும்.
ரிவர்ஸ் போட்டால் பல் கடிக்குது.
உவர்மலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அமத்தினால் எஞ்சின் சத்தம் ஏறுது, வண்டி ஏறேல்லை.
ஸ்டார்டர் (12 வோல்ட், புதுசு) சில நேரம் இழுக்கும், சில நேரம் பல்லைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்.
எஞ்சினைப் புள்ளியில் (பெல்ட் ஓடுகிற சக்கரத்தில்) பிடித்துக் கையால சுத்தினால் ஒரு இடத்தில் உரசல்.

கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் (பெட்டலை மிதிக்கக் கிளட்சை விடுவிக்கிறது) இரண்டும் புதுசு. ஆனாலும் ஏன் இப்படி?

கோணமலை

தம்பி, புதுசா பழசா என்பது இரண்டாவது கேள்வி. எது எந்த வருசத்துச் சாமான் என்பதுதான் முதல் கேள்வி. எஞ்சினை இறக்கி நான்கு விசயம் பார்த்து எழுதுங்கோ:

1. பிளைவீலின் (எஞ்சின் நுனியில் சுழலுகிற பாரச் சக்கரம்) ரிங் கியரில், அதாவது ஸ்டார்டர் மாட்டுகிற பல் வளையத்தில், எத்தனை பல். ஒரு பல்லில் சோக்கால் கோடு போட்டு எண்ணுங்கோ.
2. கிளட்ச் பிளேட்டின் குறுக்களவு மி.மீ.இல்.
3. பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு அமத்துகிற தகடு) நடுவில், விரல் போல நீட்டுகிற இரும்புகளுக்கு மேலே, தட்டையான இரும்பு வளையம் இருக்கா இல்லையா.
4. கியர் பொக்ஸில், இன்புட் ஷாஃப்டை (கிளட்ச் பிளேட் ஏறுகிற தண்டு) சுற்றி ஒரு குழாய் நீட்டிக்கொண்டு நிற்குதா, இல்லை ஷாஃப்ட் வெறுமனே நிற்குதா.

இது தெரியாமல் ஆளுக்கொரு காரணம் சொன்னால் உங்களுக்குக் காசுதான் போகும்.

உப்புவெளி64

இறக்கியாச்சு. பல் 130. கிளட்ச் பிளேட் 180 மி.மீ. பிரஷர் பிளேட்டில் வளையம் இல்லை, விரல்கள் மட்டும். விரல் நுனிகள் ஒரு பக்கம் மட்டும் பளபள என்று தேய்ந்திருக்கு. கியர் பொக்ஸில் குழாய் இல்லை. பேரிங் இரண்டு கம்பிக் கிளிப்பில் கவையில் தொங்குது.

பெல் ஹவுசிங்குக்குள்ளே (கிளட்சை மூடுகிற கியர் பொக்ஸ் உறை) கிரைண்டர் பட்ட அடையாளம் இருக்கு, ஆனால் சுற்றிவர இல்லை.

கோணமலை

அப்ப எல்லாக் கோளாறுக்கும் காரணம் கிடைச்சாச்சு. ஒவ்வொன்றாகப் பாருங்கோ.

பிரஷர் பிளேட் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரன். அதன் வெளிவட்டம் பிளைவீலைப் பார்த்து வரவேணும், நடுப்பகுதி கியர் பொக்ஸைப் பார்த்து வரவேணும். எஞ்சின் மாத்துகிற பலர் எஞ்சினோடு வந்த பிரஷர் பிளேட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். வெளிவட்டம் பொருந்தி ஆறு போல்ட்டும் இறுகிவிடும், அதனால் சரி என்று நினைப்பார்கள். நடுப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை.

1970 ஓகஸ்ட் வரை வந்த பீட்டில் கியர் பொக்ஸ்களில் ரிலீஸ் பேரிங்குக்கு வழிகாட்டிக் குழாய் கிடையாது. பேரிங் கவையில் தொங்கும். பெட்டலை மிதிக்க கவை ஒரு அச்சில் சுழலும், அதனால் பேரிங் நேர்கோட்டில் போகாது, சிறு வில் போல வளைந்து போகும். மையம் கொஞ்சம் விலகும். அந்த விலகலைத் தாங்கத்தான் பிரஷர் பிளேட்டின் நடுவில் தட்டை வளையம் வைத்தார்கள். பேரிங் வளையத்தின் முகத்தில் சறுக்கி உட்காரும், விரல்களைத் தொடாது.

1971 மொடலிலிருந்து (அதாவது 1970 ஓகஸ்ட்டுக்குப் பிறகு) கியர் பொக்ஸில் குழாய் வந்தது. பேரிங் அந்தக் குழாயில் நேராகச் சறுக்கும், மையம் விலகாது. அதனால் வளையம் தேவையில்லை, பேரிங் நேரே விரல் நுனியை அமத்தும்.

உங்களுடையது தொங்குகிற பேரிங், வளையமில்லாத பிளேட். பேரிங் விரல் நுனிகளில் மையம் தவறி உட்காருது. கிறீச் சத்தம் அதுதான். ஒரு பக்கத்து விரல்கள் மட்டும் கூட அமர்வதால் பிளேட் முழுக்க விடுபடாது. ரிவர்ஸ் கடிப்பது அதனால். 1961க்குப் பிந்திய பெரும்பாலான பீட்டில் பொக்ஸில் முன்கியர் நான்குக்கும் சின்க்ரோ (பல் கடிக்காமல் வேகத்தைச் சமப்படுத்துகிற அமைப்பு) உண்டு, அது பிழையை மறைத்துவிடும். ரிவர்ஸுக்கு சின்க்ரோ இல்லை, அதனால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இப்படியே ஓடினால் விரல்கள் வெட்டுப்படும், பேரிங் உடையும். பேரிங் உடைந்த துண்டு பெல் ஹவுசிங்குக்குள்ளே சுழன்றால் மற்றச் சாமானும் சேர்ந்து போகும்.

வேண்டியது: 200 மி.மீ. பிரஷர் பிளேட், வளையத்தோடு. 1967 முதல் 1970 வரை 1500, 1600 எஞ்சின்களுக்கு வந்த வகை. பேரிங் உங்களிடம் உள்ளதே சரி.

ஆறுவோல்ட்

வளையத்தைத் தனியாக வாங்கிப் பூட்டினால் காணாதா? புதிதாக வருகிற பிளேட்டுகள் சிலவற்றில் வளையம் கிளிப்பில்தானே நிற்குது.

கோணமலை

எதிர்ப்பக்கமாகச் செய்யலாம். குழாய் உள்ள பொக்ஸுக்கு வளையம் உள்ள பிளேட் கிடைத்தால், கிளிப்பைக் கழட்டி வளையத்தை எடுத்துவிட்டுப் போடலாம். அது பாதுகாப்பானது. வளையத்தை எடுக்காமல் விட்டால் பேரிங்கின் மூக்கு வளையத்தில் ஒழுங்காக உட்காராது, பெட்டல் பிளேயும் (கிளட்ச் வேலை செய்யமுன் பெட்டல் சும்மா அசைகிற தூரம்) கிடைக்காது.

ஆனால் வளையம் இல்லாத பிளேட்டுக்கு வேறொரு பிளேட்டின் வளையத்தைப் பூட்டுவது வேண்டாம். கிளிப் நிற்கிற இடம் பிளேட்டுக்குப் பிளேட் வேறு. வளையம் ஆடினால் அதுவும் மையம் தவறும், பிறகு வளையமே கழன்று சுழலும்.

கிண்ணியா_லேத்

180 பிளேட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உவர்மலையில் வழுக்குவது அதனாலதான்.

200 பிளைவீல், 200 பிரஷர் பிளேட், நடுவில் 180 கிளட்ச் பிளேட். ஸ்ப்லைன் (ஷாஃப்டில் நீளவாட்டில் வெட்டிய பற்கள்) ஒன்றுதான், 24 பல், அதனால் ஷாஃப்டில் தடையில்லாமல் ஏறும். பூட்டும்போது எதுவும் தடுக்காது என்பதுதான் ஆபத்து. மறுபக்கம் நடந்தால், அதாவது 180 பிளைவீலில் 200 பிளேட் வைத்தால், விளிம்பில் இடித்து நிற்கும், உடனே பிழை தெரியும். இதில் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 34 குதிரைவலு 1200 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 82 நியூட்டன் மீட்டர். 50 குதிரைவலு 1600க்கு ஏறத்தாழ 106. கிட்டத்தட்ட முப்பது வீதம் கூட. அதே நேரம் உராய்வு நடக்கிற வளையத்தின் வெளிப்பக்கம் 10 மி.மீ. உள்ளே வந்துவிட்டது. விசை கூட, நெம்பு தூரம் குறைவு, பரப்பும் குறைவு.

சீனக்குடா

180 பிளேட்டோடு நிறைய வண்டி ஓடுது. சமதரையில் மெதுவாக ஓட்டுகிற ஆளுக்குப் போதும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் 200 தேடி அலைய வேண்டிய அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கிண்ணியா_லேத்

உடன்பட ஏலாது. நிலாவெளி வீதி மட்டும்தான் என்றால் சில காலம் தாங்கும், அது உண்மை. ஆனால் வழுக்குகிற கிளட்ச் சூடாகும், சூடு பிளைவீல் முகத்தை நீலமாக்கும், வெடிப்பு விழும். நான்கு பேர், கந்தளாய் வெயில், லொறிக்குப் பின்னால் நின்று நின்று போகிற ஓட்டம் என்றால் ஒரு நாளிலேயே லைனிங் (கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் படலம்) எரிந்து மணக்கும். கிளட்ச் பிளேட் மிச்சம் பிடித்து பிளைவீலைக் கெடுப்பது நட்டம். இன்னொன்று: 180 பிளேட்டோடு நெடுநாள் ஓடிய 200 பிரஷர் பிளேட்டில் ஒரு படி விழுந்துவிடும். பிறகு சரியான 200 பிளேட் போட்டாலும் அது விளிம்பில் மட்டும் பிடிக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் அந்தப் பிரஷர் பிளேட்டைக் கழித்துவிடுங்கள்.

சீனக்குடா

படி விழுகிற விசயம் யோசிக்கவில்லை. சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் 200தான்.

உப்புவெளி64

நகம் தட்டுப்படுது. பிளைவீலில் கொஞ்சம் நீல நிறமும் இருக்கு. பிளைவீலை லேத்தில் சீவலாமா?

கிண்ணியா_லேத்

சீவலாம். ஆனால் இதில்தான் நல்ல லேத்துக்காரர்களும் பிழை விடுகிறார்கள், அதனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பீட்டில் பிளைவீல் தட்டையானது அல்ல. கிளட்ச் பிளேட் உட்காரும் முகம் பள்ளத்தில் இருக்கும், பிரஷர் பிளேட்டைப் போல்ட் பண்ணுகிற விளிம்பு உயரத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள ஆழம்தான் பிரஷர் பிளேட்டின் அமத்தத்தைத் தீர்மானிக்கும். உராய்வு முகத்தில் மட்டும் அரை மி.மீ. சீவினால் கிளட்ச் பிளேட் அரை மி.மீ. கீழே போகும். அமத்தம் குறையும். கண்ணாடி மாதிரி முகம் இருக்கும், புதுப் பிளேட் இருக்கும், ஆனாலும் வழுக்கும்.

ஆகவே லேத்தில் ஏற்றமுன் ஆழமானியால் அந்த ஆழத்தை மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். முகத்தில் எவ்வளவு எடுக்கிறாரோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். முடிந்த பிறகு திரும்ப அளந்து, பழைய இலக்கத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும். டயல் கேஜில் ஆட்டம் 0.3 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

ஒயில் சீல் உட்காருகிற கழுத்தையும் பாருங்கள். அங்கே விரலுக்குத் தட்டுப்படுகிற கோடு இருந்தால் புது சீலும் ஒழுகும், ஒயில் கிளட்சில் படும், பிறகு வண்டி எடுக்கும்போது உதறும்.

முனைக்காற்று

உரசல் பற்றி. ஆறு வோல்ட் பீட்டில்களின் பிளைவீலில் 109 பல். 12 வோல்ட்டுக்கு 130 பல், குறுக்களவும் பெரிசு. 1964 பெல் ஹவுசிங் 109 பல்லுக்கு வார்த்தது. 130 பல் உள்ளே போக வேண்டுமென்றால் உள்சுவரைச் சுற்றிவரத் தேய்க்க வேண்டும். யாரோ பாதியில் விட்டிருக்கிறார்.

கவனம்: அந்தக் கியர் பொக்ஸ் உறை மக்னீசியக் கலவை. அலுமினியம் என்று நினைத்துக் கல்லு கிரைண்டர் போட வேண்டாம். மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும், பிடித்தால் வெள்ளையாக எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். பெரிய பல்லுள்ள உருளைக் கட்டர் போட்டு மெதுவாகச் செதுக்குங்கள், தூளாக இல்லாமல் சீவலாக விழ வேண்டும். விழுந்ததை அடிக்கடி கூட்டி அள்ளி வெளியே கொண்டுபோய் வையுங்கள். பெற்றோல் கழுவிய துணி, சிகரட், வெல்டிங் எதுவும் கிட்ட வேண்டாம். ஒரு வாளி காய்ந்த மண் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் கடற்கரை மண் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும், ஆனால் ஈர மண் உதவாது, தகரத்தில் போட்டு நன்றாக வறுத்து ஆற வையுங்கள்.

எங்கே தேய்ப்பது என்பதற்கு: உள்சுவர் முழுக்க மார்க்கர் மையோ மெல்லிய பெயின்டோ பூசுங்கள். கிளட்ச் இல்லாமல், பிளைவீல் மட்டும் உள்ள எஞ்சினை ஏற்றி நான்கு போல்ட்டையும் கையால் இறுக்கி, புள்ளியைப் பிடித்து இரண்டு சுற்று. இறக்கிப் பார்த்தால் மை அழிந்த இடம் தெரியும். ஸ்டார்டர் புஷ் உட்காருகிற குமிழைச் சுற்றியும், உள்ளே நிற்கிற மேடுகளிலும் கவனம் வையுங்கள். உரசல் நின்றவுடன் நிறுத்திவிட வேண்டாம். எஞ்சின் சூடாகி, ரப்பர் மவுண்ட் ஆடி, கிராங்க் முன்பின் அசையும்போது திரும்ப உரசும். சுற்றிவர 2 மி.மீ. இடைவெளி வையுங்கள். அதற்கு மேல் தோண்டவும் வேண்டாம், சுவர் மெலியும்.

தொடங்கமுன் இன்புட் ஷாஃப்டையும் அதன் சீலையும் துணியால் சுற்றிக் கட்டுங்கள், ஸ்டார்டர் துவாரத்தை அடையுங்கள்.

ஆறுவோல்ட்

தேய்க்காமல் செய்ய வழி இருக்கு. 109 பல்லும் 200 கிளட்சும் உள்ள பிளைவீல் வந்திருக்கு: ஆறு வோல்ட் காலத்து வொக்ஸ்வாகன் 1500 வான்களிலும் டைப் 3 கார்களிலும். அது கிடைத்தால் உறையைத் தொடத் தேவையில்லை. பழைய வண்டியின் மூல உறையை வெட்டுவது எனக்கு மனம் ஒப்பாத விசயம். அறுபது வருசம் தப்பி வந்த வார்ப்பு அது.

அந்த வழியில் போனால் ஸ்டார்டரும் ஆறு வோல்ட் வகைதான் இருக்க வேணும், ஏனென்றால் ஸ்டார்டர் பல் பிளைவீலுக்குச் சொந்தம். ஆறு வோல்ட் ஸ்டார்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் வேகமாக இழுக்கும். இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் சாவியைப் பிடிக்கக் கூடாது.

முனைக்காற்று

கிடைத்தால் அதுதான் மேல், மறுப்பில்லை. ஆனால் இந்த உறையில் ஏற்கெனவே வெட்டு விழுந்துவிட்டது. மிச்சத்தை ஒழுங்காக முடிப்பதே இப்போது சுலபம்.

கிண்ணியா_லேத்

109 பல் 180 பிளைவீலை 200க்குக் குடைந்து தரச் சொல்லியும் கேட்பார்கள். செய்யலாம். பள்ளத்தை அகலமாக்குவது லேசு. ஆறு எம்8 துவாரத்தையும் புது வட்டத்தில் பிசகாமல் துளைத்து மரை வெட்டி, பிறகு பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பலன்ஸ் பண்ணுவதுதான் வேலை. பலன்ஸ் மெசின் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

கோணமலை

ஸ்டார்டருக்கு வருவம். பீட்டில் ஸ்டார்டரின் ஷாஃப்ட் நுனி, கியர் பொக்ஸில் உள்ள சின்னப் பித்தளைப் புஷ்ஷில் சுழலும். ஆறு வோல்ட் புஷ்ஷின் உள்விட்டம் 12.5 மி.மீ. 12 வோல்ட் ஸ்டார்டரின் ஷாஃப்ட் 10.9 மி.மீ.க்கானது. பழைய புஷ்ஷில் புது ஸ்டார்டரைப் போட்டால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஆட்டம். பல் சாய்ந்து மாட்டும், சில நேரம் இழுக்கும், சில நேரம் சுரண்டும். உங்களுக்கு நடப்பது அச்சொட்டாக இதுதான். ஸ்டார்டர் மோட்டரில் பிழையில்லை.

பழைய புஷ்ஷைக் கழட்ட: உள்ளே மரை வெட்டுகிற டப் ஒன்றை முறுக்கி ஏற்றி, பிடித்து இழுங்கோ. சுத்தியலும் உளியும் வேண்டாம், குமிழ் வெடிக்கும். புதுப் புஷ்ஷை ஒரு இரவு எஞ்சின் ஒயிலில் ஊற வைத்துத் தட்டி இறக்குங்கோ. ரிங் கியரின் பற்கள் சுரண்டுப்பட்டு வட்டமாகியிருந்தால் அதையும் பார்க்கவேணும். எஞ்சின் எப்போதும் இரண்டு மூன்று இடத்தில்தான் நிற்கும், அங்கேதான் பல் தேயும்.

புஷ் தேவையில்லாத, தானே தாங்கும் ஸ்டார்டர்களும் இருக்கு. அது போட்டால் இந்தக் கதையே இல்லை.

மைனர்1000

இடையில் ஒரு கேள்வி. மொறிஸ் மைனர் 948க்கு 1098 எஞ்சின் போடும்போதும் இதே தலையிடியா?

கோணமலை

அதே விசயம், இலக்கம் வேறு. 948க்கு 6¼ அங்குலக் கிளட்ச், 1098க்கு 7¼. 948இன் வழவழப்பான உறை உள்ள கியர் பொக்ஸுக்குள் பெரிய கிளட்ச் அடங்காது. ஒன்று, 948இன் பின்தகடு, பிளைவீல், கிளட்ச் மூன்றையும் 1098 எஞ்சினுக்கு மாத்த வேணும். இல்லையென்றால் 1098இன் விலா எலும்பு போட்ட கியர் பொக்ஸையும் சேர்த்து எடுக்கவேணும். 1275 என்றால் பிளைவீல் ஆறு போல்ட், மற்ற இரண்டுக்கும் நாலு போல்ட், ஒன்றை ஒன்றில் பூட்ட ஏலாது. மேலே வேணுமென்றால் தனி இழை தொடங்குங்கோ, இதில் பீட்டிலை முடிப்பம்.

உப்புவெளி64

வளையமுள்ள 200 பிரஷர் பிளேட், 200 கிளட்ச் பிளேட், 10.9 புஷ் மூன்றும் கிடைச்சிட்டுது. பிளைவீல் லேத்தில் முடிஞ்சுது, முகத்தில் 0.4, விளிம்பில் 0.4. உறையும் செதுக்கியாச்சு. பூட்டுகிற ஒழுங்கைச் சொல்லுங்கோ. முக்கியமாக அந்தப் பெரிய நட்.

முனைக்காற்று

பிளைவீலைக் கழற்றிப் பூட்டினால் கிராங்கின் எண்ட் பிளேயை (முன்பின் அசைவை) கட்டாயம் பார்க்க வேண்டும். பிளைவீலுக்கும் முதலாம் மெயின் பேரிங்குக்கும் இடையில் மூன்று ஷிம் (மெல்லிய வளையத் தகடு) வரும். இரண்டும் இல்லை, நான்கும் இல்லை, எப்போதும் மூன்று. தடிப்புகள் 0.24, 0.30, 0.32, 0.34, 0.36, 0.38 மி.மீ.

ஒயில் சீல் போடாமல், இரண்டு ஷிம் மட்டும் வைத்து, பிளைவீலைப் பூட்டி நட்டை இறுக்குங்கள். டயல் கேஜை வைத்து பிளைவீலை முன்னும் பின்னும் தள்ளி அளவுங்கள். உதாரணமாக 0.44 வந்தால், அதிலிருந்து 0.10 கழித்து 0.34. அதுதான் மூன்றாவது ஷிம். முடிவில் எண்ட் பிளே 0.07க்கும் 0.13க்கும் இடையில் இருக்க வேண்டும். ஷிம்மைத் துடைத்து மைக்ரோமீற்றரில் அளந்து பாருங்கள், எழுதியிருக்கிற இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பிறகு கழற்றி, மூன்று ஷிம்மும் ஒயில் பூசி வைத்து, சீலை நேராக இறக்கி, பிளைவீல். பிளைவீலின் உட்கழுத்தில் பள்ளம் வெட்டியிருந்தால் அதில் ரப்பர் ஓ வளையம். பள்ளம் இல்லாத பழைய பிளைவீல் என்றால் கிராங்குக்கும் பிளைவீலுக்கும் நடுவில் கஸ்கட். இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது, பிளைவீல் முழுக்க உட்காராது.

கிராங்கையும் பிளைவீலையும் சேர்க்கிற நான்கு டவல் ஊசியும் துவாரத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும். விரலால் தள்ளி ஆடினால் அந்த பிளைவீலோ கிராங்கோ முடிந்தது. நட் எவ்வளவு இறுக்கினாலும் கழன்றுவிடும்.

நீங்கள் கேட்ட பெரிய நட், அதாவது பிளைவீலைக் கிராங்கில் பிடிக்கிற கிளாண்ட் நட், 36 மி.மீ. இறுக்கம் 217 அடி இறாத்தல், கிட்டத்தட்ட 294 நியூட்டன் மீட்டர். பெரிய டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால்: ஒரு மீட்டர் நீளக் கைபிடி, அது படுக்கையாக நிற்கும்போது நுனியில் 30 கிலோ எடை. பிளைவீலைப் பூட்டி வைக்கிற இரும்புக் கொழுக்கி இல்லாமல் செய்ய வேண்டாம். ஸ்குரூ டிரைவரை ரிங் கியர் பல்லில் செருகினால் பல் உடையும்.

நட்டுக்குள்ளே ஒரு ஊசி பேரிங் இருக்கிறது, இன்புட் ஷாஃப்ட் நுனி அதில்தான் சுழலும். ஊசிகள் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு கடலை அளவுக்கும் குறைவாகக் கிரீஸ். அதிகம் வைத்தால் சூட்டில் உருகி லைனிங்கில் தெறிக்கும். அந்தப் பேரிங் பிடித்துக்கொண்டாலும் ரிவர்ஸ் கடிக்கும், பலர் அதைப் பார்க்காமல் கிளட்சையே திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள்.

கோணமலை

மிச்சம் நான் சொல்லுறன். கிளட்ச் பிளேட்டின் நீண்ட கழுத்துப் பக்கம் கியர் பொக்ஸைப் பார்க்கவேணும். தலைகீழாகப் போட்டால் ஸ்பிரிங் வீடு பிளைவீல் நட்டில் இடிக்கும். நடுவைப் பிடிக்கப் பழைய இன்புட் ஷாஃப்ட் துண்டு அல்லது மையக்கோல் வைத்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, ஒரு நேரத்தில் ஒரு சுற்று வீதம் இறுக்குங்கோ. ஒரு பக்கத்தை முதலில் முழுக்க இறுக்கினால் பிரஷர் பிளேட் கோணும். முடிவு இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர். லைனிங்கைக் கையால தொடாதீங்கோ, தொட்டால் பிரேக் கிளீனர்.

ஸ்ப்லைனில் மொலி பவுடரோ மொலி கிரீஸோ மெல்லிய பூச்சு மட்டும். எங்கள் கடல் காற்றில் ஸ்ப்லைன் துருப்பிடித்தால் பிளேட் சறுக்காது, பெட்டலை அமத்தினாலும் பிளேட் பிளைவீலை விட்டு விலகாது. மாரி காலத்தில் இரண்டு மூன்று மாதம் நிறுத்தி வைக்கிற வண்டி என்றால் பிளேட்டே பிளைவீலில் துருவோடு ஒட்டிக்கொள்ளும். இதுவும் ரிவர்ஸ் கடிக்கிற மாதிரித்தான் தெரியும். கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணாமலாவது பெட்டலைப் பத்துத் தரம் மிதித்து விடுங்கோ.

எஞ்சினை ஏற்றும்போது அதன் பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. ஜாக்கில் சரியான உயரம் பிடித்து, கியரில் போட்டு, புள்ளியை இலேசாக அசைத்தால் தானே உள்ளே போகும். இரண்டு முகமும் முழுக்கச் சேர்ந்த பிறகுதான் போல்ட் இறுக்கவேணும். போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் புதுக் கிளட்ச் பிளேட்டின் நடு வளையும். நான்குக்கும் 30 நியூட்டன் மீட்டர்.

கேபிள்: பெட்டலில் 10 முதல் 20 மி.மீ. பிளே, பின்னால் லீவரில் உள்ள சிறகு நட்டில் சரிசெய்யுங்கோ. கேபிள் போகிற வளைகுழாயின் தொய்வு 25 முதல் 45 மி.மீ. நேராக இருந்தால் கிளட்ச் உதறும், அளவுக்கு மிஞ்சி வளைந்தால் கேபிள் அறுக்கும்.

ஆறுவோல்ட்

பூட்டிய பிறகு ஒரு சோதனை: ஒருவர் பெட்டலை மிதிக்க, மற்றவர் பின்னால் கிராங்க் புள்ளியைப் பார்க்கவேணும். மிதிக்கும்போது புள்ளி கண்ணுக்குத் தெரிய வெளியே தள்ளினால் எண்ட் பிளே கூட. அதோடு ஓட வேண்டாம்.

உப்புவெளி64

முடிஞ்சுது. இரண்டு ஷிம்மோடு 0.42 வந்தது, மூன்றாவது 0.32 போட்டேன், முடிவில் 0.10. புள்ளி அசையேல்லை. பெட்டல் பிளே 15. மிதித்து மூன்று செக்கன் பொறுத்து ரிவர்ஸ் போட்டால் சத்தமே இல்லை. ஸ்டார்டர் ஒவ்வொரு தடவையும் இழுக்குது. கிறீச் இல்லை.

வழுக்கலை எங்கே சோதிக்கலாம்? கோணேசர் கோயில் ஏற்றம் சரிவருமா?

முனைக்காற்று

அங்கே வேண்டாம். கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் குறுக்கே வரும், அடியார்கள் நடந்து ஏறுவார்கள், அது வேகம் எடுத்துப் பார்க்கிற வீதி அல்ல. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கை பிரேக் முழுக்க இழுத்து, மூன்றாம் கியரில் எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்தி பெட்டலை விடுங்கள். எஞ்சின் உடனே நின்றால் பிடிக்கிறது. தொடர்ந்து ஓடினால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் புது லைனிங் எரியும்.

முதல் சில நூறு கிலோமீற்றருக்குக் கிளட்சில் பாதி மிதித்து நிற்காதீர்கள், லைனிங் முகத்தில் பழக வேண்டும்.

உப்புவெளி64

உடனே நின்றது.

கோணமலை

நல்லது தம்பி. 500 கிலோமீற்றர் ஓடியதும் பெட்டல் பிளேயைத் திரும்ப அளவுங்கோ. லைனிங் தேயத் தேய பிளே குறையும், கூடாது. 10க்குக் கீழே போனால் சிறகு நட்டைத் தளர்த்துங்கோ, பேரிங் எந்நேரமும் வளையத்தில் உட்கார்ந்திருக்க விடக் கூடாது. கழட்டிய வளையமில்லாத பிரஷர் பிளேட்டில் விரல் தேய்ந்து, முகத்தில் படியும் விழுந்திருக்கு. அதை ஒருவருக்கும் விற்க வேண்டாம்.